மக்ரோனிப் பாத்திரமும் அதன் நீர்க்கோடும்: ஒரு பழுதுபார்ப்புப் பதிவு

பெட்டியில் வரும் மக்ரோனியையும் சீஸ் தூளையும் மைக்ரோவேவ் அடுப்பில் சமைப்பதற்கென்றே செய்யப்பட்ட பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சதுர வடிவம்; அடிப்பகுதி பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர், உயரம் ஏழரை சென்டிமீட்டர். இரு புறமும் காதுபோல் நீண்ட கைப்பிடிகள், ஒரு ஓரத்தில் நீராவி வெளியேற இரண்டு மெல்லிய கீறல்களும் எதிர் ஓரத்தில் நீரை வடிக்கச் சிறு துளைகளும் கொண்ட மூடி, உட்சுவரில் நீர் எதுவரை இருக்க வேண்டும் என்று காட்டும் ஒரே ஒரு கோடு. அவ்வளவுதான் கருவி. மக்ரோனியைக் கொட்டி, கோடுவரை நீர் ஊற்றி, முழுச் சூட்டில் ஒன்பது நிமிடம் வைத்து, வடித்துவிட்டுத் தூளையும் பாலையும் வெண்ணெயையும் கலந்தால் உணவு தயார் என்று கூடவே வந்த துண்டுத்தாள் சொன்னது. என் அடுப்பில் அது ஒருமுறைகூட அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கஞ்சி பொங்கி, மூடியைத் தூக்கி, சுழலும் கண்ணாடித் தட்டு முழுவதும் பரவியது. அப்படியும் மக்ரோனியின் நடுப்பகுதி வேகாமல் பல்லில் தட்டுப்பட்டது. வழிந்த நீரைத் துடைக்கும்போது பாத்திரம் கைதவறி விழுந்து ஒரு கைப்பிடியும் விரிசல் விட்டதால், தூக்கி எறிவதா சரிசெய்வதா என்ற கேள்வி எழுந்தது. சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். அடுத்துவந்த சில மாலைகளில் செய்தவற்றை, வீணாய்ப் போனவை உட்பட, இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கைப்பிடி. எதற்கும் உடனடிப் பசை போதும் என்ற பழைய நம்பிக்கையில் விரிசலுக்குள் இரண்டு சொட்டு விட்டு, பிடிகருவியில் இறுக்கி, இரவு முழுவதும் வைத்திருந்தேன். காலையில் பிடிகருவியைத் தளர்த்தியதும், பசை ஒரு கண்ணாடிச் செதிலைப்போல் தனியே உரிந்து வந்துவிட்டது. பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது: முக்கோணக் குறிக்குள் 5 என்ற எண். அது பாலிப்ரொப்பிலீன். அதன் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு என்பதால் பசை அதன்மேல் பரவிப் பற்றிக்கொள்வதில்லை. தாமரை இலையில் நீர் நிற்பதைப்போல் ஒதுங்கியே நிற்கும். சாதாரண எப்பாக்சியும் இதே கதிதான். உப்புத்தாளால் சுரண்டிவிட்டு ஒட்டினாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பழுதுபார்ப்பில் இறங்குவதற்கு முன் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்திருந்தால் ஓர் இரவு மிச்சமாகியிருக்கும்.

பாலிப்ரொப்பிலீனுக்கு உகந்தது பசையல்ல, பற்றவைப்பு. அது சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும் பொருள். உருகிய இரண்டு ஓரங்கள் கலந்து மீண்டும் இறுகினால் அது ஒரே துண்டாகிவிடும். விரிசலின் நெடுகக் கத்தியால் ‘வி’ வடிவத்தில் ஒரு பள்ளம் சீவினேன். அதே 5 என்ற எண் பொறித்த பழைய தயிர் டப்பா ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய கீற்றுகள் வெட்டிக்கொண்டேன். எண் ஒன்றாக இருப்பது முக்கியம், வேறுவகைப் பிளாஸ்டிக்கை உருக்கி நிரப்பினால் ஆறியதும் பிரிந்துவிடும். சால்டரிங் அயர்னின் பழைய முனை ஒன்றை மாட்டி, கீற்றையும் பள்ளத்தின் ஓரத்தையும் ஒருசேர அழுத்தி, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விநாடிக்கு மேல் நிற்காமல் நகர்த்தினேன். முனையின் சூடு உருகுநிலையைவிட மிக அதிகம் என்பதால், தயங்கி நின்றால் பிளாஸ்டிக் பழுப்பாகிப் புகையத் தொடங்கும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். மேற்புறம் முடிந்ததும் அடிப்புறத்திலும் அதேபோல் நிரப்பி, ஆறவிட்டு, அரத்தால் சமப்படுத்தினேன். அழகாக இல்லை, ஆறிய காயத்தின் வடுவைப்போல் இருக்கிறது. ஆனால் ஒன்றரை லிட்டர் வெந்நீரை ஊற்றி, அந்த ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே நீண்ட நேரம் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. பற்றவைத்த இடம் உணவு படாத வெளிப்பகுதி என்பதால்தான் இதற்குத் துணிந்தேன். பாத்திரத்தின் உட்சுவரே விரிசல் விட்டிருந்தால் எறிந்திருப்பேன்.

அடுத்தது உண்மையான நோய்: பொங்குதல், அதோடு சேர்ந்த வேகாமை. இந்த இரண்டும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் எப்படி நிகழ முடியும் என்பது எனக்குப் புதிராக இருந்தது. பொங்கும் அளவுக்குச் சூடு இருந்தால் ஏன் வேகவில்லை? நேரத்தைப் பன்னிரண்டு நிமிடமாக நீட்டியபோது நடு மக்ரோனி வெந்தது, ஆனால் நீரில் பாதி தட்டில் கிடந்தது, நான்கு மூலைகளிலும் மக்ரோனி காய்ந்து விறைத்துப்போனது. யூகிப்பதை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்கினேன்.

துண்டுத்தாளின் அடியில், மிகச் சிறிய எழுத்தில், நேரங்கள் 1100 வாட் அடுப்புக்கானவை என்று போட்டிருந்தது. என் அடுப்பின் முகப்பில் 900 வாட் என்று இருக்கிறது. பின்புறத் தகட்டில் இதைவிடப் பெரிய எண் ஒன்றும் இருக்கும். அது அடுப்பு மின்கம்பியிலிருந்து இழுக்கும் அளவு, உணவுக்குள் போகும் அளவல்ல. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முகப்பு எண்ணையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே அளந்துவிடலாம். கண்ணாடிக் குடுவையில் சரியாக ஒரு லிட்டர் நீர் எடுத்து, வெப்பமானியால் அளந்து, இரண்டு நிமிடம் முழுச் சூட்டில் வைத்து, வெளியே எடுத்து நன்றாகக் கலக்கி, மீண்டும் அளக்க வேண்டும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.19 ஜூல் வேண்டும். ஆகவே 1000 கிராம் நீர் 120 விநாடியில் எத்தனை டிகிரி ஏறியதோ அந்த எண்ணை 35 ஆல் பெருக்கினால் நீருக்குள் உண்மையில் சென்ற வாட் கிடைத்துவிடும். எனக்கு முதல் முறை 19.5 டிகிரியும், அடுப்பை ஆறவிட்டுச் செய்த இரண்டாம் முறை 20 டிகிரியும் ஏறின. சராசரியாக 690 வாட். குடுவையைச் சூடாக்கச் செலவானதையும் காற்றில் போனதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடலாம், எனினும் 900ஐ எட்டாது. நுண்ணலையை உண்டாக்கும் மேக்னெட்ரான் மூப்படைவதும், மின்னழுத்தம் குறைந்திருப்பதும், அது சூடேறுவதற்குள் முதல் இரண்டு மூன்று விநாடிகள் வீணாவதும் இதில் சேர்ந்திருக்கும்.

இப்போது கணக்கு தெளிவாயிற்று. சமையலறைத் தராசில் பெட்டியின் 206 கிராமை நிறுத்தபோது மக்ரோனி 168 கிராம், தூள் 38 கிராம். பாத்திரத்தின் கோடுவரை ஊற்றிய நீர் 480 மில்லி. இவ்வளவு நீரையும் மக்ரோனியையும் 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 174 கிலோஜூல் தேவை. 1100 வாட் அடுப்பில் அது 2 நிமிடம் 40 விநாடி. என் 690 வாட் அடுப்பில் 4 நிமிடம் 12 விநாடி. பாத்திரத்துக்கும் காற்றுக்கும் போகும் இழப்பையும் சேர்த்து, நடைமுறையில் 4 நிமிடம் 40 விநாடி ஆனது. அதாவது துண்டுத்தாளின் ஒன்பது நிமிடத்தில் அவர்களுடைய மக்ரோனி ஆறு நிமிடத்துக்கு மேல் கொதிக்கிறது; என்னுடையது நான்கரை நிமிடம் கூடக் கொதிக்கவில்லை. பெட்டியோ சாதாரண அடுப்பில் கொதிக்கும் நீரில் ஏழு முதல் எட்டு நிமிடம் என்கிறது. வேகாமைக்கான காரணம் அதோடு முடிந்தது.

பொங்குவதற்குக் காரணம் வேறு. கோதுமை மாவின் மாச்சத்து 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கி, அதில் ஒரு பகுதி கரைந்து வெளியேறி நீரைக் கொழகொழப்பாக்குகிறது. மாவின் புரதம் குமிழிகளின் மேல் மெல்லிய தோலாகப் படிந்து அவை உடையாமல் காக்கிறது. அகலமான கொப்பரையில் நிறைய நீர் இருந்தால் இந்தக் கஞ்சி நீர்த்துப்போகும். இந்தப் பாத்திரத்திலோ நீரின் அளவு மக்ரோனியைப்போல் மூன்று மடங்குகூட இல்லை. கெட்டியான கஞ்சியில் எழும் ஒவ்வொரு குமிழியும் நீடித்து நிற்கிறது, அடுத்தது அதன்மேல் ஏறுகிறது. போதாததற்கு மூடி வேறு. மூடியில்லாத பாத்திரத்தில் நுரையின் மேற்பரப்பில் குளிர்ந்த காற்று பட்டுக் குமிழிகள் வற்றி உடையும்; பொங்கும் பாத்திரத்தின் மூடியைத் திறந்தவுடன் நுரை அடங்குவதைப் பார்த்திருப்போம். இரண்டே கீறல்கள் கொண்ட மூடிக்குள் நீராவி நிறைந்திருப்பதால் நுரை அடங்க வழியே இல்லை. என் முதல் அளவீட்டில் ஐந்தரை நிமிடத்தில் நுரை மூடியைத் தொட்டது. ஒன்பது நிமிடம் முடிந்தபோது தட்டிலிருந்து துணியால் ஒற்றிப் பிழிந்து அளந்த நீர் 110 மில்லி.

நுரைக்கு இடம் கொடுத்தால் போதும் என்று எண்ணினேன். பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வளையத்தை ஏற்றி, அதன்மேல் மூடியை வைப்பது திட்டம். ஏறக்குறைய அதே அளவுள்ள சதுரப் பாலிப்ரொப்பிலீன் டப்பா ஒன்றின் அடியை நீக்கி, மேற்பகுதியை மட்டும் ரம்பத்தால் அறுத்தெடுத்தேன். அது கீழே குறுகி வருவதால், பாத்திரத்தின் வாய்க்குள் கொஞ்சம் இறங்கி ஆப்புபோல் இறுகியது. ஒட்டுவதற்கு வழியில்லை என்று கைப்பிடி கற்பித்துவிட்டதாலும், திருகாணி எதையும் மைக்ரோவேவுக்குள் கொண்டுபோக நான் விரும்பாததாலும், இடைவெளியில் உணவுக்குத் தகுந்த சிலிக்கோன் கயிறு ஒன்றைச் சுற்றிச் செருகினேன். அறுத்த ஓரங்களை அரத்தாலும் பிறகு நுண்மையான உப்புத்தாளாலும் தேய்த்து மழுக்கியதில் ஒரு மாலை போயிற்று. மூலைகளில் கசியாமல் கயிற்றைப் பொருத்தியதில் இன்னொரு மாலை. மூடியிலும் பன்னிரண்டு புதிய துளைகள் போட்டேன்: கீழே மரப்பலகை ஒன்றைக் கொடுத்து, மூன்று மில்லிமீட்டர் முனையுடன், டிரில்லை மெதுவாகச் சுழலவிட வேண்டும், வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் இளகி முனையைச் சுற்றிக்கொள்ளும். துளைகளின் பிசிறுகளைக் கத்தியால் சீவி, மூடியைச் சூடான சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினேன், ஏனெனில் அந்தப் பிசிறு ஒன்றும் உணவில் விழக் கூடாது.

வளையம் வேலை செய்தது. ஆனால் நுரை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஏறுவதற்கு இடம் மட்டும் கிடைத்திருந்தது. முழுச் சூட்டில் பத்தாவது நிமிடத்தில் அதுவும் போதவில்லை.

அதன் பிறகே சூட்டைக் குறைப்பது பற்றி யோசித்தேன். முதலில் யோசித்திருக்க வேண்டியது. என் அடுப்பில் பாதிச் சூடு என்பது பாதி வலிமையல்ல: மேக்னெட்ரான் பதினைந்து விநாடி முழு வலிமையுடன் ஓடி, பதினைந்து விநாடி நின்றுவிடுகிறது. இன்வெர்ட்டர் வகை அடுப்புகளில் வலிமையே குறையும். அவை இந்த வேலைக்கு இன்னும் ஏற்றவை. எதுவாயினும், கொதிநிலை வந்த பிறகு அதைத் தக்கவைக்க முழுச் சூடு தேவையில்லை. மேலதிகமாகக் கொடுப்பதெல்லாம் நீரை ஆவியாக்கவும் நுரையை ஏற்றவும்தான் செலவாகிறது. கொதிக்கும்வரை முழுச் சூடு, பிறகு எட்டு நிமிடம் பாதிச் சூடு என்று வைத்தபோது, நுரை ஏறி ஏறி இறங்கியது, தட்டில் சில சொட்டுகளே விழுந்தன, மக்ரோனி முழுதும் ஒரே பதத்தில் வெந்தது. ஆனால் பாத்திரத்தில் நீர் நிறைய மிஞ்சியது.

மிஞ்சிய நீரை வடித்து ஊற்றும்போதுதான் நீர்க்கோட்டின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. உலர்ந்த மக்ரோனி 168 கிராம், வெந்து வடித்தபின் 388 கிராம் இருந்தது. ஆக உறிஞ்சியது 220 மில்லி. ஒரு கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 2260 ஜூல் வேண்டும் என்பதால், 345 வாட் சராசரியில் எட்டு நிமிடத்தில் அதிகபட்சம் 73 மில்லி ஆவியாகலாம். இரண்டும் சேர்ந்து 293. எஞ்சியது ஏறக்குறைய 190 மில்லி: சூடேற்றியும் பயனின்றி, கழுவுதொட்டியில் கொட்டுவதற்காகவே ஊற்றிய நீர். முழுச் சூட்டில் கொதிக்க வைப்பவருக்கு ஆவியாதல் இரண்டு மடங்குக்கு மேல் போவதாலும், கொஞ்சம் வழிவதாலும், கோட்டை அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். நான் வழியவும் விடப்போவதில்லை, வடிக்கவும் விரும்பவில்லை. அந்தக் கஞ்சியில்தான் சீஸ் குழம்பைக் கெட்டியாக்கும் மாச்சத்து இருக்கிறது. 293 மில்லியோடு குழம்புக்கென்று அறுபது எழுபது மில்லி சேர்த்து, 360 மில்லி என்று முடிவு செய்தேன். மக்ரோனியை விரலால் சமமாகப் பரப்பினால் அந்த அளவு நீர் அதை மயிரிழை மூடுகிறது. குவியலாக விட்டால் மேடு நீருக்கு வெளியே நின்று வேகாமல் போய்விடும். பெட்டி சொல்லும் சாதாரண அடுப்பு முறைக்கு ஆறு கப், அதாவது சுமார் 1.4 லிட்டர் நீர் வேண்டும். அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவர மட்டும் 446 கிலோஜூல். 360 மில்லிக்கு 113 போதும். இந்தக் கருவி வைத்திருப்பதற்கு நியாயம் ஒன்று உண்டென்றால் இதுதான். ஆனால் அதன் பழைய கோடு இந்த நியாயத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொண்டிருந்தது.

புதிய கோட்டைப் பேனாவால் போட்டேன், இரண்டு கழுவலில் மறைந்தது. பிறகு 360 மில்லி நீரை ஊற்றிச் சமதளத்தில் வைத்து, வெளிச்சுவரில், நீர்மட்டம் நிழலாகத் தெரிந்த இடத்தில், கத்தி முனையால் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறிவிட்டேன். உட்புறம் கீறினால் அந்தப் பள்ளத்தில் சீஸ் தங்கும்.

இனி எனக்குச் சற்று வெட்கம் தரும் பகுதி. கொழுப்பு நுரையை அடக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. குமிழியின் தோலில் ஒரு துளி எண்ணெய் பரவினால் அந்தத் தோல் அங்கேயே மெலிந்து கிழிகிறது. எப்படியும் கடைசியில் சேர்க்கப்போகும் வெண்ணெயில் 10 கிராமை முதலிலேயே நீரில் போட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. போட்டேன். வளையம் இல்லாமல், துளையிட்ட மூடியுடன், 360 மில்லி நீரில், நுரை விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழேயே நின்றுவிட்டது. உறுதி செய்துகொள்ள வெண்ணெய் இல்லாமல் இன்னொரு முறை செய்தேன், நுரை மூடியைத் தொட்டது. மீண்டும் வெண்ணெயுடன், மீண்டும் ஒரு சென்டிமீட்டர் கீழே. இரண்டு மாலைகள் அறுத்துத் தேய்த்த வளையம் இப்போது அலமாரியில் மூடிகளை நிறுத்தி வைக்கும் தாங்கியாக இருக்கிறது.

மூலைகளின் சிக்கல் சதுர வடிவத்தோடு பிறந்தது. மூலையில் இருக்கும் உணவுக்கு நுண்ணலை இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் மேலிருந்தும் ஒருசேர வந்து சேர்வதால், அங்கே சூடு மற்ற இடங்களைவிட விரைவாக ஏறும். வட்டப் பாத்திரமாக இருந்திருந்தால் இது இல்லை. வடிவத்தை மாற்ற முடியாது என்பதால், பாதிச் சூட்டுக்கு மாற்றும் நேரத்தில் ஒருமுறையும், அதிலிருந்து நான்கு நிமிடம் கழித்து ஒருமுறையும் மூலைகளை வழித்து நடுவுக்குத் தள்ளுகிறேன். இதற்கென்று ஒரு சிலிக்கோன் துடுப்பின் முனையை வெட்டி அமைத்தேன்: மூலையில் காகிதத்தை அழுத்தி வளைவை எடுத்தால் அதன் ஆரம் 18 மில்லிமீட்டர்; அந்தக் காகிதத்தைத் துடுப்பின்மேல் ஒட்டிக் கூரிய கத்தரிக்கோலால் வெட்டினேன். செய்த எல்லாவற்றிலும் எளியது இதுவே, நாள்தோறும் பயன்படுவதும் இதுவே. மூடியைத் திறக்கும்போது தன்னிலிருந்து எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும். புதிய துளைகள் இருந்தாலும் உள்ளே தங்கும் நீராவி கையைப் பொசுக்கிவிடும்.

தூள் கட்டிதட்டுவது பாத்திரத்தின் குற்றமல்ல. எனினும் கருவியை மாற்றியபின் அதுவும் மாறியதால் சொல்கிறேன். சாதாரண சீஸைத் தனியே சூடாக்கினால் கொழுப்பு பிரிந்து, புரதம் நார்நாராகத் திரண்டுவிடும். 1911ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் சோடியம் சிட்ரேட் சேர்த்து இந்தப் பிரிவைத் தடுத்தார்கள். 1916ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் எல். கிராஃப்ட் தமக்கென ஒரு பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் 1937ல் மக்ரோனியையும் சீஸ் தூளையும் ஒரே பெட்டியில் விற்கத் தொடங்கியது. இன்றைய தூளிலும் சோடியம் பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கின்றன. அவை சீஸின் கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால் கேசீன் புரதம் கரைந்து, கொழுப்பையும் நீரையும் இணைத்துப் பிடிக்கிறது. ஆகவே குழம்பு திரிவதில்லை. ஆனால் தூளைக் கொத்தாகச் சூடான நீரில் கொட்டினால், வெளிப்பகுதி உடனே நனைந்து பசையாகி உள்ளே இருக்கும் தூளைப் பூட்டிவிடுகிறது. முதலில் மிச்சமுள்ள 30 கிராம் வெண்ணெயைக் கலந்து, மக்ரோனியின் மேல் கொழுப்பு படிந்தபின், தேநீர் வடிகட்டியால் தூளைச் சலித்துத் தூவி, ஒரு நிமிடம் கிளறி, கடைசியில் பால் ஊற்றினால் கட்டியே விழுவதில்லை. பெட்டி 60 மில்லி பால் கேட்கிறது. வடிக்காத கஞ்சி உள்ளே இருப்பதால் 30 மில்லி போதும். வெண்ணெயும் பெட்டி சொன்னதைவிடக் குறைவாகவே சேர்க்கிறேன். கஞ்சியின் கொழகொழப்பு அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது. சலிப்பதற்கென்று துளையிட்ட மூடியுடன் ஒரு புட்டி செய்யத் தொடங்கி, தேநீர் வடிகட்டி ஏற்கனவே கையில் இருப்பதைக் கண்டு பாதியில் விட்டேன்.

தூள் சேர்த்த பிறகு பாத்திரத்தை மீண்டும் அடுப்பில் வைப்பதில்லை. நீர் கொதிநிலையைத் தாண்டாது; கொழுப்பு தாண்டும், அப்படித் தாண்டினால் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு சொரசொரப்பாகும், நிறமும் உள்ளே ஏறும். அந்த நிறம் எப்படியும் ஓரளவு ஏறத்தான் செய்கிறது. மேற்சொன்ன நிறுவனம் அமெரிக்காவில் 2016 முதல் செயற்கை மஞ்சளுக்குப் பதிலாக மிளகாய் வகையான பாப்ரிகா, அன்னாட்டோ விதை, மஞ்சள் ஆகியவற்றைச் சேர்க்கிறது. இவற்றின் நிறமிகள் கொழுப்பில் கரைபவை, பாலிப்ரொப்பிலீனோ கொழுப்பை விரும்புவது. சோப்பால் போகாத அந்த ஆரஞ்சுக் கறை, பாத்திரத்தை இரண்டு நாள் வெயிலில் வைத்தபோது வெளிறிவிட்டது. இந்த நிறமிகள் ஒளியில் சிதைபவை.

இப்போது மூடியின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டுநாடாவால் ஒட்டியிருக்கிறேன். அடுப்பில் வைக்கும்முன் எடுத்துவிடுவேன். அதில் எழுதியிருப்பது: நீர் கீறல்வரை, வெண்ணெய் 10, முழுச் சூடு 3 நிமிடம் 50 விநாடி, மூலைகளை வழி, பாதிச் சூடு 4, மூலைகளை வழி, மீண்டும் 4, மூடியோடு ஒரு நிமிடம் ஓய்வு. கடைசி ஏழு முறையும் தட்டு உலர்ந்தே இருந்தது. என் நண்பர் ஒருவர் பாத்திரத்தை இரவல் வாங்கி, ஒரு லிட்டர் நீர்ச் சோதனையில் 980 வாட் காட்டிய தம் அடுப்பில் இந்த நேரங்களை அப்படியே வைத்தார். கொதிநிலை முன்னதாகவே வந்து, முழுச் சூட்டின் கடைசி ஒரு நிமிடம் முழுவதும் பொங்கிற்று. காகிதத்தில் அவருக்கென்று இரண்டாவது வரி ஒன்று சேர்ந்தது: முழுச் சூடு 2 நிமிடம் 45 விநாடி, பிறகு பாதிக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு. கீறல் மட்டும் இருவருக்கும் ஒன்றே.